விரலைப் பார்த்துப் பாடம் சொல்லுங்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். தனி கிட்டார் வகுப்பில் பாடத்தைத் தீர்மானிக்க வேண்டியது புத்தகமா, மாணவரா? மாணவரே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் புத்தக வரிசையைப் புகழ்ந்தார். முதல் கம்பியில் ஈ, எஃப், ஜி சுரங்கள், அடுத்து இரண்டாம் கம்பி, பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்டெல்லாம் பிறகு. நல்ல வரிசைதான். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கிட்டாரைப் புத்தகம் பார்த்ததா? கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகள்தான் ஃப்ரெட்டுகள்; அதில் 12-ஆம் ஃப்ரெட்டில் ஸ்கேலை வைத்து, ஆறாம் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து பாருங்கள். 2 முதல் 2.5 மி.மீ. என்றால் சரி. 4 மி.மீ. என்றால் பெரியவர்களுக்கே விரல் நோகும். அந்தக் கிட்டாரோடு வந்த குழந்தையிடம் "இன்னும் அழுத்து" என்று சொல்வது கொடுமை ஐயா! கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராட் என்ற கம்பியைத் திருகியோ, கம்பிகளை உடல்பக்கம் தாங்கும் சேடிலைத் தேய்த்தோ உயரத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டும். தடித்த 12-ஆம் எண் கம்பி செட்டைக் கழற்றி, மெல்லிய 10-ஆம் எண் போட வேண்டும். முதல் பாடமே அதுதான்.

அடுத்து கை. ஏழு வயதுக் கைக்கு முக்கால் அளவு கிட்டார் கொடுத்தாலும், முழு ஜி கார்டு எட்டாது. மெல்லிய மூன்று கம்பிகள் போதும். முதல் கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டை ஒரு விரலால் பிடித்தால் ஜி. இரண்டாம் கம்பியில் முதல் ஃப்ரெட்டைப் பிடித்தால் சி. அன்றைக்கே அந்தக் குழந்தை ஒரு பாட்டுக்கு வாசித்துவிட்டு வீட்டுக்குப் போகும்.

பாடிக்கொண்டே வாசிக்க வருகிறவருக்குத் தேவை வேறு. ஏ மைனரிலிருந்து சி-க்குப் போகையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அசையவே வேண்டாம். மோதிர விரல் மட்டும் மூன்றாம் கம்பியிலிருந்து ஐந்தாம் கம்பிக்குப் போகிறது. இதைச் சொல்லிக் கொடுக்காததால் எத்தனை பேர் ஒவ்வொரு முறையும் மூன்று விரலையும் தூக்கி, மறுபடி தேடுகிறார்கள்! சுருதி குரலுக்கு எட்டவில்லையா? கம்பிகளை மொத்தமாக அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வியை இரண்டாம் ஃப்ரெட்டில் போட்டால், ஜி பிடித்த கை ஏ வாசிக்கும்.

எஃப் கார்டுக்கு வருவோம். கிட்டாரை மூட்டை கட்டி வைப்பவர்களில் பலர் இங்கேதான் நிற்கிறார்கள். முதல் ஃப்ரெட், கம்பிகளைத் தலைப்பக்கம் தாங்கும் நட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால், கம்பி அங்கே அதிகம் முரண்டு பிடிக்கும். ஆள்காட்டி விரலைக் கம்பிகளுக்குக் குறுக்கே படுக்க வைக்கும் அதே பார் வடிவத்தை ஐந்தாம் ஃப்ரெட்டில் பிடிக்கச் சொல்லுங்கள். ஏ கார்டு கிடைக்கும், அழுத்தமும் குறைவு. அங்கே கை பழகியதும் வாரம் ஒரு ஃப்ரெட்டாக இறங்கி வரலாம். அதுவரை பாட்டில் எஃப் வரும் இடத்துக்கு பார் இல்லாமல் பிடிக்கும் எஃப் மேஜர் ஏழு கார்டு போதும்.

தாளத்தைக் கேளுங்கள். இடது கை கார்டைத் தேடும்போது வலது கையும் நின்றுவிடுவதுதான் பெரிய நோய். இடது உள்ளங்கையால் கம்பிகளை மூடி, "தகதிமி" என்று வாயால் சொல்லிக்கொண்டு வலது கையை மட்டும் ஓடவிட வேண்டும். நம் திரைப்பாடல்களில் நிறைய வரும் ஆறெட்டுத் தாளத்துக்கு "தகிட தகிட". பிறகு நான்காம் அடியின் பின்பாதியில் வெறுங்கம்பியைத் தட்டிக்கொண்டே இடது கை அடுத்த கார்டுக்கு நகரட்டும். காதுக்கு அது பிழையாகவே கேட்காது. தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து இது நடந்தால்தான் 70.

"அடிப்படை விடுபட்டுப் போகுமே, நோட்டேஷன், அதாவது எழுதிய சுரக்குறிப்பு, வாசிக்க வராதே" என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். நியாயமான கவலை, மதிக்கிறேன். நைலான் கம்பியில் கிளாசிக்கல் கற்பவருக்கும் லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடுத் தேர்வுக்குப் போகிறவருக்கும் நோட்டேஷன் முதல் மாதத்திலேயே வேண்டும். ஆனால் அதையும் முடிவு செய்தது எது? அந்த மாணவர் போக நினைக்கும் இடம்! பாட்டுப் பழகுபவருக்கு, விரும்பிய பாட்டின் மெட்டு நான்கு வரியை நோட்டேஷனில் எழுதிக் கொடுங்கள். காது முன்பே அறிந்த மெட்டு என்பதால், எழுத்தில் ஒரு சுரம் தவறாக வாசித்தால் அவரே நிறுத்தித் திருத்திக்கொள்வார். நன்றி, வணக்கம்.