கேமரா யார் மேசையில உட்கார்ந்திருக்கு? திரையில் இரவு வேலை பார்க்கிறவங்க

[திரையில்: கிளப் செட். வளைஞ்ச படிக்கட்டு, சிவப்பு விளக்கு, வட்ட மேசைகள்]

பழைய தமிழ்ப் படத்துல கிளப் பாட்டுன்னா அமைப்பு ஏறக்குறைய ஒண்ணுதான். ஒரு மேசையில வில்லன், கைமாறுற பெட்டி, மாறுவேஷத்துல கதாநாயகன். நடுவுல நாலு நிமிஷம் ஒரு பெண் ஆடுவாங்க. அவங்களுக்குப் பேரு கிடையாது. பாட்டு முடிஞ்சா படத்துலயும் கிடையாது. 1964-ல வந்த 'கறுப்புப் பணம்' படத்துல 'ஆடவரெல்லாம் ஆட வரலாம்' பாடினது எல்.ஆர்.ஈஸ்வரி. கிளப்புக்கு ஈஸ்வரி குரல், கதாநாயகிக்கு சுசீலா குரல்னு ஒரு பழக்கமே உருவாச்சு. ஜோதிலட்சுமி, ஜெயமாலினி, சில்க் ஸ்மிதான்னு கவர்ச்சிக்குத் தனி ஆள் வெச்சு, கதாநாயகிய 'குடும்பப் பொண்ணா' காப்பாத்தினாங்க.

இந்தப் பாட்டுகள்ல கேமரா வாடிக்கையாளர் மேசையிலயே உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து உடம்பு தெரியும், கூலி தெரியாது.

[திரையில்: ஜின்சா தெரு, குறுகின மாடிப்படி]

கேமராவ இடம் மாத்தினா என்ன ஆகும்னு பார்க்க, மிக்கியோ நருசே 1960-ல எடுத்த 'ஒரு பெண் படியேறும்போது' போதும். டோக்கியோ ஜின்சாவுல ஒரு மதுக்கூடம். கெய்கோ முப்பது வயசு விதவை, அங்க எல்லாருக்கும் 'மாமா-சான்', அதாவது மதுக்கூடத்த நடத்துற அம்மா. அவங்க வேலை ஆடுறது இல்ல. பக்கத்துல உட்கார்ந்து பேசணும், ஊத்திக் கொடுக்கணும், வாடிக்கையாளர் பேரை மறக்கக் கூடாது. குடிச்சவங்க கணக்குல எழுதிட்டுப் போயிருவாங்க. அந்த பாக்கிய வசூல் பண்ணப் பகல்ல அலையறதும் இவங்கதான். பட்டுக் கிமோனோ, வாசனைத் திரவியம், நல்ல வீட்டு வாடகை எல்லாம் தொழிலுக்கான செலவு. சம்பாதிக்கிறது அதுலயே கரையும். இவங்ககிட்ட வேலை பார்த்துப் பிரிஞ்சு போய்த் தனிக்கடை போட்ட யூரி, கடன்ல மூழ்கிச் செத்துப்போறாங்க. துக்க வீட்டுக்கே கடன்காரன் வந்து நிக்கிறான். எந்த வசனமும் இவ்வளவு சொல்லாது.

நம்ம நாட்டுல மதூர் பண்டார்க்கரோட 'சாந்தினி பார்' (2001) பம்பாய் பீர் பாரை, அங்க ஆடுற பெண்ணா நடிச்ச தபு வழியாக் காட்டுச்சு. 2005-ல மகாராஷ்டிர அரசு நடன பார்களத் தடை பண்ணுச்சு. 2013-ல உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லாதுன்னு சொல்லிருச்சு. நடுவுல வேலை போனவங்க எங்க போனாங்கன்னு கேட்ட படங்கள் குறைவு.

[திரையில்: கோயில் கொடைப் பந்தல், சீரியல் லைட்]

திருநெல்வேலிப் பக்கம் இரவு வேலைன்னா கொடைதான், ஊர்க் கோயில் திருவிழா. கரகாட்டம், நையாண்டி மேளம், வில்லுப்பாட்டு, பெண் வேஷம் கட்டி ஆடுற கணியான் கூத்து, எல்லாம் நடுராத்திரிப் பூஜையான சாமக்கொடை வரைக்கும் போகும். 2018-ல வந்த 'பரியேறும் பெருமாள்' அந்த ஆட்டக்காரர கதாநாயகனோட அப்பாவா நிறுத்துச்சு. நடிச்ச தங்கராசு நெஜத்துலயே நெல்லைச் சீமைக் கூத்துக் கலைஞரா இருந்தவர். மேடையில கைதட்டு வாங்குற அதே உடம்ப கல்லூரி வாசல்ல அவமானப்படுத்துறாங்க. வேட்டியில்லாம அவர் ஓடுற காட்சியில, அந்தத் தொழிலுக்கு ஊர் தர்ற மரியாதை எவ்வளவுன்னு பளிச்சுனு தெரிஞ்சிரும்.

இங்க குறும்படம் எடுக்கிறவங்க பெரும்பாலும் வழுக்குறது ஒரே இடத்துல: பந்தல் முன்வரிசையில கேமராவ வெச்சு, இடுப்புக்கு ஜூம் போறது. மேளக்காரங்க பக்கம் போய் நில்லுங்க. அங்கிருந்து பார்த்தா கூட்டத்தோட முகம் தெரியும், ஆடுறவங்க சட்டையில ரூபாய் குத்த வர்ற கை தெரியும், அந்தக் கை எங்க போகுதுன்னும் தெரியும். கரகம் ஆடுறவங்க, அரிசியோ மண்ணோ போட்டு எடை ஏத்தின செம்பைத் தலையில வெச்சுக்கிட்டே அந்தக் கையத் தள்ளிவிடணும். கதையே அதுதான்.

ஒலிபெருக்கி விஷயத்தையும் சரியா எழுதுங்க. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 மணியோட நிறுத்தணும். வருஷத்துக்கு அதிகபட்சம் 15 நாள், நடுராத்திரி வரைக்கும் மாநில அரசு தளர்த்தலாம். 2 மணிக்கு ஸ்பீக்கர் அலறுற காட்சி வெச்சா போலீஸ் ஏன் வரலைன்னும் காட்டணும்.

அப்புறம் கணக்குக் காட்சி கட்டாயம். அச்சாரம் எவ்வளவு, மீதி எப்போ, வேன் வாடகை போக ஒரு ஆளுக்கு எவ்வளவு, மழை வந்து ஆட்டம் நின்னா யாருக்கு நட்டம். கிளப் பாட்டு மறைச்சது இதைத்தான்.

நெஜமான குழுவ வெச்சு எடுக்கிறதா இருந்தா, குழுத் தலைவர்கிட்ட மட்டும் கேட்டா பத்தாது. ஆடுற ஒவ்வொருத்தர்கிட்டயும் கேளுங்க. ஷாட்டுக்காக மறுபடி ஆடச் சொன்னா அன்னைக்கு ராத்திரிக்கான முழுக் கூலியக் கொடுங்க. வெட்டி ஒட்டினத அவங்ககிட்டப் போட்டுக் காட்டுங்க; வேண்டாம்னு சொல்ற ஷாட்டத் தூக்கிருங்க.