ஹைப்போவா, ஹைப்பரா?

வணக்கம். 22 வருஷமா லேப்ல ரத்தம் எடுத்து ரிப்போர்ட் கொடுத்துட்டிருக்கேன், அதுல எனக்கு விடாம உறுத்திட்டே இருக்கற ரெண்டு வார்த்தையப் பத்திப் பேசலாம்னு வந்தேன். ஹைப்போ, ஹைப்பர். ரெண்டுக்கும் கடைசியிலதான் வித்தியாசம், போன்ல கேட்டா அதுவும் காதுல விழாது. கிரேக்கத்துலருந்து இங்கிலீஷுக்கு வந்த வார்த்தைங்க, ஹைப்போன்னா கீழ, ஹைப்பர்னா மேல. தோலுக்குக் கீழ போடற ஊசி ஹைப்போடெர்மிக், ரொம்பப் பெரிய கடை ஹைப்பர்மார்க்கெட், அவ்ளோதான்.

ஆனா தைராய்டுல வந்து மாட்டிக்குவாங்க. ஒரு அம்மா ரிப்போர்ட்ட வாங்கி கவுன்டர்லயே நின்னு மகளுக்கு போன் போட்டாங்க. "டிஎஸ்எச் 12-னு வந்திருக்குடி, பக்கத்துல ஹைன்னு போட்டிருக்கு, அப்ப எனக்கு ஹைப்பர்தானே, மாத்திரைய நிறுத்திடறேன்." எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. அவங்களுக்கு இருந்தது ஹைப்போ!

டிஎஸ்எச் தைராய்டுல சுரக்கறது இல்லைங்க. மூளைக்கு அடியில பட்டாணி சைஸ்ல பிட்யூட்டரின்னு ஒண்ணு இருக்கு, அது கழுத்துல இருக்கற தைராய்டப் பாத்து "வேலை செய், வேலை செய்"னு போடற சத்தம்தான் டிஎஸ்எச். காலையில எழுந்திருக்காத புள்ளைய அம்மா அடுக்களையிலருந்து கூப்பிடுவாங்களே, அவன் அசையலன்னா குரல் ஏறிட்டே போகும், எழுந்துட்டா அடங்கிரும், அதே கதைதான். தைராய்டு மந்தமா இருந்தா, அதான் ஹைப்போ, சத்தம் ஏறும், அளவுக்கு மேல சுரந்தா, அதான் ஹைப்பர், சத்தம் அடங்கிரும், அதனால பெரும்பாலும் நம்பர் மேல போனா வியாதி ஹைப்போ, நம்பர் கீழ போனா ஹைப்பர். திரும்பவும் சொல்றேன், நம்பர் மேல, வியாதி ஹைப்போ. ஹைப்போவுக்கு வெறும் வயித்துல தைராக்ஸின், ஹைப்பருக்கு சுரப்பக் குறைக்கற கார்பிமசோல், மாத்திப் போட்டா இருக்கற கோளாறு கூடத்தான் செய்யும். அந்த அம்மாகிட்ட போன வாங்கி மகள்கிட்ட நானே பேசினேன், டாக்டரப் பாக்காம ஒரு மாத்திரையும் நிறுத்த விடாதம்மான்னு. டாக்டர் டோஸ ஏத்திக் கொடுத்தாராம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாச்சுன்னு கை காட்டுறாங்க, சுகர் பத்திதான் நிறைய வச்சிருந்தேன், ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். இன்சுலினோ சுகர் மாத்திரையோ எடுக்கறவங்களுக்கு திடீர்னு வேர்த்து, கை நடுங்கினா மீட்டர்ல பாருங்க, 70-க்குக் கீழன்னா ஹைப்போ, உடனே மூணு டீஸ்பூன் சர்க்கரைய தண்ணில கரைச்சுக் கொடுங்க, 15 நிமிஷத்துல மறுபடி பாருங்க. நினைவு இல்லன்னா வாயில எதுவும் ஊத்தாம 108-க்கு போன் போடுங்க, அப்ப ஹைப்போன்னு சொல்லாதீங்க, "லோ சுகர்"னே சொல்லுங்க. வணக்கம்.