பழைய பென்டாக்ஸுக்கு லென்ஸ் தேடும்போது

நேயர்களுக்கு வணக்கம்.

அலமாரியின் மேல்தட்டில் பல ஆண்டுகள் கிடந்த ஃபிலிம் கேமராவை இறக்கித் துடைத்து வைத்துக்கொண்டு, 'இதற்கு எந்த லென்ஸ் வாங்கலாம்?' என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் கல்லூரி வயதுப் பிள்ளைகள். பதிலுக்கு நான் கேட்பது, 'அதில் இப்போது இருக்கும் லென்ஸில் எத்தனை ரோல் எடுத்திருக்கிறீர்கள்?' என்பதுதான். ஒன்று என்பார்கள், சிலர் அதுவும் இல்லை என்பார்கள். எல்லாக் கேமராக்களையும் பற்றிப் பொதுவாகப் பேசுவதைவிட, எனக்குக் கைப்பழக்கமான ஒன்றை முன்வைத்துப் பேசுவது பயனுடையதாக இருக்கும் என்று எண்ணுகிறேன். அது ஜப்பானின் அசாஹி நிறுவனம் 1964-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக். என் தாய்மாமன் பயன்படுத்திய கேமரா, அதனுடன் வந்த 55 மி.மீ. லென்ஸோடு என் கைக்கு வந்தது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 1960-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்த ஃபோட்டோகினா கண்காட்சியில் இதன் முன்மாதிரியைக் காட்டியபோது, காட்சியின் ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கும் ஒளிமானி அதில் இருந்தது. ஆங்கிலத்தில் 'ஸ்பாட்' என்றால் புள்ளி; அதனால் அந்தப் பெயர். கடைக்கு வந்த கேமராவோ காட்சி முழுவதையும் சராசரியாக அளந்தது. பெயரை மட்டும் மாற்றாமல் விட்டுவிட்டார்கள்.

இந்தக் கேமராவில் லென்ஸைத் திருகித்தான் மாட்ட வேண்டும். மாட்டும் வளையத்தின் குறுக்களவு 42 மி.மீ.; மரையின் ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 1 மி.மீ. இதையே எம் 42 என்கிறோம். இந்த மரை ஜப்பானுக்கு வந்து சேர்ந்ததுதான். 1949-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் வெளிவந்த கான்டாக்ஸ் எஸ் கேமராவிலும், அதே நகரத்துப் பிராக்டிகாவிலும் இருந்தது. 1957-இல் அசாஹி தன் முதல் பென்டாக்ஸுக்கு அதை எடுத்துக்கொண்டது. சோவியத் நாட்டு ஜெனிட்டும் அதற்கே வந்தது. வெவ்வேறு அரசியல் முகாம்களில் இருந்த தொழிற்சாலைகள் ஒரே மரையில் லென்ஸ் செய்ததால், இன்றைக்கு ஸ்பாட்மேட்டிக் வைத்திருப்பவருக்குத் தேர்வு செய்ய இடம் மிக அதிகம். அந்த மிகுதியே பலரைத் தடுமாறவும் வைக்கிறது.

தேர்வை நான் வெயிலிலிருந்து தொடங்குவேன். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100 ஃபிலிமுக்கு (ஃபிலிம் ஒளியை உணரும் வேகத்தைச் சொல்லும் எண் அது), லென்ஸுக்குள் ஒளி புகும் அபர்ச்சர் என்ற துளை எஃப் 16 அளவிலும் ஷட்டர் வேகம் நொடியில் 125-இல் ஒரு பங்காகவும் இருந்தால் சரியாக இருக்கும் என்பது பழைய ஃபிலிம் பெட்டிகளிலேயே அச்சிடப்பட்டிருந்த கணக்கு. ஐ.எஸ்.ஓ. 400 ஃபிலிம் போட்டால் அது 500-இல் ஒரு பங்காகும். ஸ்பாட்மேட்டிக்கின் உச்ச வேகம் 1000-இல் ஒரு பங்கு. அதாவது, நம் ஊர் நண்பகலில் 400 ஃபிலிமோடு வெளியே நிற்பவர் எஃப் 11-க்கு மேல் துளையைத் திறக்கவே முடியாது. 100 ஃபிலிமிலும் எஃப் 5.6-தான் எல்லை. எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், எஃப் 1.4 என்று பெருமையோடு பொறிக்கப்பட்ட லென்ஸுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் பகல் முழுவதும் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது என்பது விளங்கும்.

சரி, மாலையிலும் வீட்டுக்குள்ளும் அது உதவாதா என்றால், உதவும். ஆனால் விளம்பரம் சொல்லும் அளவுக்கு அன்று. 55 மி.மீ. எஃப் 1.8 லென்ஸோடு ஒப்பிட்டால், 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ் ஒன்றரை மடங்கைச் சற்றுத் தாண்டிய ஒளியைத் தருகிறது. ஷட்டர் வளையத்தில் ஒரு முழுப் படிகூட இல்லை. அத்துடன், ஒரு மீட்டர் தொலைவில் உள்ள முகத்தை எஃப் 1.4-இல் எடுக்கும்போது தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 3 செ.மீ. மட்டுமே. அறுபது ஆண்டு பழைய கண்ணாடித் திரையில், ஃபோகஸ் சரியாகும்வரை நடுவே மினுமினுக்கும் நுண்பட்டகப் புள்ளியைப் பார்த்துக் கையால் ஃபோகஸ் செய்பவருக்கு, கண்ணிமை தெளிவாகவும் கண் மங்கலாகவும் விழுந்த படங்கள் நிறையக் கிடைக்கும். என்னிடம் ஒரு கட்டே இருக்கிறது. இருட்டில் பெரிய துளையால் வரும் மெய்யான நன்மை வேறு: வியூஃபைண்டர் பளிச்சென்று தெரியும். கண்ணாடி அணிபவர்களுக்கும் என் வயதுக்காரர்களுக்கும் அது சிறிய உதவி அன்று.

எனவே, ஸ்பாட்மேட்டிக்கோடு அசாஹியின் சொந்த லென்ஸ் வரிசையான டாகுமரில் ஒன்றான சூப்பர் டாகுமர் 55 மி.மீ. எஃப் 1.8 வந்திருந்தால், அதை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை என்பது என் தீர்மானமான கருத்து. 24-க்கு 36 மி.மீ. அளவுள்ள ஃபிலிம் சட்டத்தின் மூலைவிட்டம் 43 மி.மீ. சொச்சம், அதற்கு அருகில் குவியத் தூரம் (லென்ஸின் பெயரில் வரும் மி.மீ. எண் அதுதான்) உள்ள லென்ஸ், அகலத்தை வலிந்து விரிக்காமலும் தொலைவை வலிந்து இழுக்காமலும் காட்சியை இயல்பாகக் காட்டுகிறது.

இவ்வளவு சொல்லும் நானே எஃப் 1.4-ஐ வாங்கியவன்தான். கடைக்காரர் கொடுத்த டாகுமரை வீட்டுக்குக் கொண்டுவந்து வெள்ளைத் தாளின் மேல் பிடித்துப் பார்த்தபோது, கண்ணாடி நீர்த்த தேநீர் நிறத்தில் இருந்தது. அந்த லென்ஸின் தொடக்கக் காலத்து வடிவத்தில் 8 வில்லைகள் இருந்தன. பின்னர் வந்த 7 வில்லை வடிவத்தில் தோரியம் கலந்த கண்ணாடியைப் பயன்படுத்தினார்கள். ஒளியை மிகுதியாக வளைத்து, நிறங்களைக் குறைவாகப் பிரிக்கும் கண்ணாடி அன்றைக்கு அப்படித்தான் கிடைத்தது. தோரியத்தின் மென்மையான கதிர்வீச்சு பல ஆண்டுகளில் அந்தக் கண்ணாடியையே மஞ்சளாக்கிவிடுகிறது. இயல்பான பயன்பாட்டில் உடலுக்குச் சேரும் கதிரின் அளவு மிகக் குறைவு. லென்ஸைப் பிரித்து அந்தக் கண்ணாடியைத் தேய்ப்பது மட்டும் கூடாது. கறுப்பு வெள்ளை ஃபிலிமில் இந்த மஞ்சள் ஒரு மெல்லிய மஞ்சள் ஃபில்டரைப் போல வேலை செய்து மேகங்களைச் சற்று எடுப்பாக்கும். ஒளிமானி லென்ஸ் வழியாகவே அளப்பதால், குறைந்த ஒளியை அதுவே ஈடுகட்டிக் காட்டும். வண்ண ஃபிலிமில்தான் தொல்லை. புற ஊதா ஒளியில் சில நாட்களோ வாரங்களோ வைத்தால் மஞ்சள் பெருமளவு தெளிகிறது. ஆனால் ஜன்னல் வெயிலில் வைப்பவர்கள், லென்ஸ் என்பது பூதக்கண்ணாடியும்தான் என்பதை மறந்து மேசைத்துணியைப் பொசுக்கிக்கொள்ள வேண்டாம். பின்புறத்தை அலுமினியத் தாளால் மூடிவிடுங்கள். அதிகச் சூட்டில் உள்ளே உள்ள கிரீஸ் உருகி அபர்ச்சர் இதழ்களில் படியும் ஆபத்தும் உண்டு.

இரண்டாவது லென்ஸுக்கு வருவோம். முதல் லென்ஸில் பத்து ரோலாவது எடுத்த பிறகு, உங்கள் கால்கள் எந்தப் பக்கம் போயின என்று நினைத்துப் பாருங்கள். சுவர் முதுகில் இடிக்கும்வரை பின்னால் போனவருக்கு 35 அல்லது 28 மி.மீ. லென்ஸ் தேவை. முன்னால் போக முடியாமல் நின்றவருக்கு 105 அல்லது 135 தேவை. இரண்டும் நேராதவருக்கு இரண்டாவது லென்ஸ் தேவையில்லை.

தெருவில் படமெடுக்க விரும்புவோருக்கு நான் முதலில் சொல்வது 35 மி.மீ. எஃப் 3.5 டாகுமர். எஃப் 3.5 என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. முன்பு சொன்ன வெயில் கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். 400 ஃபிலிமில் நண்பகலுக்கு எஃப் 11 தானாகவே வந்துவிடுகிறது; அந்தத் துளையில் இந்த லென்ஸின் தொலைவு வளையத்தை 4 மீட்டரில் நிறுத்தினால், ஏறத்தாழ 2 மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாமே தெளிவாக விழும். ஃபோகஸ் செய்யும் வேலையே இல்லை. காய்கறிச் சந்தையிலோ தேர்த்திருவிழாவிலோ, கண்ணருகே கேமரா போகும் அந்த அரை நொடியில் படம் எடுத்துவிடலாம். லென்ஸின் உடம்பில், தொலைவு எண்களுக்குக் கீழே இருபுறமும் கீறப்பட்டிருக்கும் கோடுகள் இதைப் படித்துச் சொல்வதற்காகவே இருக்கின்றன. இன்றைய லென்ஸ்கள் பலவற்றில் அவை காணாமல் போய்விட்டது வருத்தமான செய்தி.

அகலக் கோண லென்ஸில் பெரிய துளை விலை கூடியதற்குக் காரணம் கேமராவின் உள்ளே இருக்கிறது. படம் எடுக்கும் நொடியில் மேலே எழும்பும் பிரதிபலிப்புக் கண்ணாடிக்கு இடம் விட வேண்டியிருப்பதால், இந்த மரையில் லென்ஸின் இருப்பிடத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையே 45.46 மி.மீ. உள்ளது. 28 மி.மீ. குவியத் தூரம் உள்ள ஒரு லென்ஸ் அவ்வளவு தள்ளி நின்று படத்தை விழச்செய்ய வேண்டுமானால், முன்புறத்தில் ஒளியை விரிக்கும் வில்லைகளைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். வில்லை கூடினால் எடையும் விலையும் கூடும்; உள்ளே தெறிக்கும் ஒளியும் கூடும்.

தெறிக்கும் ஒளியைப் பற்றிச் சொல்லும்போது, அதைக் குறைக்க வில்லைகளின் மேல் இடும் பூச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1971 முதல் வந்த சூப்பர் மல்டி கோட்டட் டாகுமர்களில் பல அடுக்குப் பூச்சு உண்டு. சூரியனை எதிரே வைத்து எடுப்பவருக்கு அது நன்கு தெரியும் வேறுபாடு. மற்றவர்கள் லென்ஸின் முன்னால் நிழல் தரும் ஒரு நிழல்மூடி வாங்கி மாட்டிக்கொண்டு பழைய சூப்பர் டாகுமரோடு நிம்மதியாக இருக்கலாம். டாகுமர்கள் பலவற்றின் முன்வளையம் 49 மி.மீ. என்பதால், ஒரே ஃபில்டரும் மூடியும் அவை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

டாகுமர் அல்லாதவற்றில் இரண்டைச் சொல்லலாம். சோவியத் ஹீலியோஸ் 44, பயோட்டர் என்ற ஜெர்மானிய லென்ஸை அடியொற்றிய 58 மி.மீ. எஃப் 2 லென்ஸ்; பின்னணியில் உள்ள இலைகளைச் சுழலாகக் காட்டும் குணத்துக்காக இப்போது தேடி வாங்குகிறார்கள். நான்கு படம் வரை அழகாக இருக்கும். அதற்கு மேல் எனக்குச் சலித்துவிட்டது. கார்ல் ஜெய்ஸ் ஜெனாவின் 35 மி.மீ. எஃப் 2.4 ஃப்ளெக்டோகன் வேறு தரம். மிக அருகில் உள்ள பொருளையும் எடுக்கும். சில ஜெனா லென்ஸ்களில் ஜெய்ஸ் என்ற பெயரே இல்லாமல் 'அவுஸ் ஜெனா' என்றும், டெஸ்ஸார் என்ற லென்ஸ் பெயருக்குப் பதில் ஒற்றை எழுத்தும் பொறிக்கப்பட்டிருக்கும். அவை போலி அல்ல. போருக்குப் பின் ஜெய்ஸ் கிழக்கிலும் மேற்கிலுமாக இரண்டாகப் பிரிந்து, பெயருக்காக வழக்காடியதன் தழும்பு அது.

உங்களிடம் இருப்பது வேறு கேமராவாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. நிக்கான் எஃப்.எம். 2 வைத்திருப்பவர்கள், 1977-க்கு முற்பட்ட, திருத்தப்படாத நிக்கோர் லென்ஸை (நிக்கானின் சொந்த லென்ஸ்) அதில் மாட்டக் கூடாது. வளையத்தின் ஓரத்தில் உள்ள சிறு நெம்புகோல் சேதமாகும். எஃப்.எம்., எஃப்.இ. ஆகியவற்றில் அந்த நெம்புகோலை மடக்கிக்கொள்ளலாம். பென்டாக்ஸ் கே 1000 வைத்திருப்பவர்கள் அடாப்டர் போட்டு எம் 42 லென்ஸ்களைப் பயன்படுத்தலாம், ஏனெனில் இரண்டுக்கும் அதே 45.46 மி.மீ.தான், ஆனால் வெளிவிளிம்பு உள்ள அடாப்டரை வாங்கினால், அந்த விளிம்பின் தடிமனே லென்ஸை முன்னே தள்ளி, தொலைவில் உள்ள எதுவும் தெளிவாக விழாமல் செய்துவிடும்.

வாங்கும் இடத்தில் லென்ஸை எப்படிப் பார்ப்பது? கைப்பேசியின் டார்ச் போதும். துளையை முழுதும் திறந்து, பின்புறமிருந்து ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சி, முன்புறமிருந்து பாருங்கள். சிலந்தி நூல் போல ஓடினால் பூஞ்சை. கடலோர ஊர்களில் தோலுறைக்குள் மூடி வைத்த லென்ஸ்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். ஓரத்தில் மட்டும் இருந்தால் படத்தில் தெரியாமல் போகலாம், ஆனால் அது பூச்சையும் கண்ணாடியையும் அரிக்கக்கூடியது என்பதால் நான் வாங்குவதில்லை. உள்ளே புகை மூட்டம் போலத் தெரிந்தாலும் வேண்டாம். சில தூசிகளும் முன்கண்ணாடியில் ஒரு மெல்லிய கீறலும் பொருட்படுத்தத் தக்கவை அல்ல. அவற்றைக் காட்டி விலையைக் குறைத்துக் கேளுங்கள். அடுத்து, துளை வளையத்தை எஃப் 16-க்குத் திருப்பி, லென்ஸின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு ஊசியை விரலால் அழுத்தி விடுங்கள். இதழ்கள் பட்டென்று மூடி, பட்டென்று திறக்க வேண்டும். சோம்பலாக அசைந்தால் எண்ணெய் படிந்திருக்கிறது. வியூஃபைண்டரில் ஒன்றும் தெரியாது, ஆனால் ரோல் முழுவதும் ஒளி கூடிப்போய் வரும். கண்ணாடியைக் கூர்ந்து பார்க்கும் பலர் இந்த ஊசியைத் தொட்டுப் பார்ப்பதே இல்லை.

வாங்கிய பின் முதல் ரோலை ஒரே இடத்தில் செலவிடுங்கள். கேமராவை நிலையாக ஒரு திண்ணையிலோ முக்காலியிலோ வைத்து, செங்கல் சுவர் ஒன்றையும் தொலைவில் உள்ள ஒரு கோபுரத்தையும் ஒவ்வொரு துளையிலும் அதற்கேற்ற ஷட்டர் வேகத்தில் எடுத்து, எந்தச் சட்டம் எந்தத் துளை என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். லேபில் பிரிண்ட் மட்டும் வாங்காமல் நெகட்டிவையும் கேட்டு வாங்கி, ஒளியின் முன் பிடித்து வரிசையாகப் பாருங்கள். அடுத்தடுத்த சட்டங்களின் அடர்த்தி ஒன்றுபோல் இருந்தால் இதழ்கள் ஒழுங்காக மூடுகின்றன. கோபுரம் எஃப் 8-இலும் மங்கலாக இருந்தால், லென்ஸை மாற்றித் தரக் கேட்கும் தவணை முடிவதற்குள் கடைக்குத் திரும்பிப் போய்விடுங்கள்.

நன்றி, வணக்கம்.