35 டாலர் எப்படி 83 டாலர் ஆச்சு? லைவ் டிவி பில்லைக் குறைக்க உங்க ஜன்னல் போதும்!

[குளோசப்: கையில மெல்லிசா ஒரு கறுப்பு அட்டை. ஓரத்துல ஒரு ஒயர் தொங்குது.]

இதைப் பார்த்தா என்ன மாதிரி தெரியுது? சாப்பாட்டுத் தட்டுக்குக் கீழ விரிக்கிற மேட் மாதிரி இருக்குல்ல? என் பொண்ணு நிஜமாவே இதுமேல தோசைத் தட்டை வெச்சுட்டா.

இது ஒரு டிவி ஆன்டெனா. 25 டாலர். ஒரே ஒரு தடவை. இதை ஜன்னல்ல ஒட்டின அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது: நான் மாசாமாசம் காசு கட்டிப் பார்த்துக்கிட்டு இருந்த சேனல்கள்ல நாலு, அதுவும் நான் ரொம்ப பார்க்கிற நாலு, அத்தனை நாளா வீட்டு வாசல்ல சும்மாவே வந்து நின்னுக்கிட்டு இருந்திருக்கு.

வணக்கம் மக்களே. அமெரிக்கால உட்கார்ந்துக்கிட்டு லைவ் டிவிக்கு பில் கட்டுற நம்ம ஆளுங்களுக்கான வீடியோ இது. பின்னாடி டிவியில சேனல் ஸ்கேன் போட்டு விட்டுட்டேன், அது பாட்டுக்கு ஓடட்டும். முடியறப்போ எத்தனை சேனல் வந்துச்சுன்னு சேர்ந்தே பார்ப்போம்.

[திரையில்: 35 → 40 → 50 → 65 → 73 → 83]

யூடியூப் டிவிங்கிறது நெட் வழியா லைவ் சேனல்களைக் காட்டுற சர்வீஸ். 2017 ஏப்ரல்ல ஆரம்பிச்சப்போ மாசம் 35 டாலர். அடுத்த வருஷம் 40. 2019-ல 50. 2020-ல, ஊரே வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்த நேரமா பார்த்து, 65. 2023-ல 73. 2025 ஜனவரில 83. சில்லறையை ரவுண்ட் பண்ணியிருக்கேன், ஒரு சென்ட்டுக்காக கமென்ட்ல சண்டைக்கு வராதீங்க. ஹுலு லைவ் டிவியும் அதே 2017-ல 40-ல ஆரம்பிச்சு, 2025 அக்டோபர்ல 90-க்கு வந்து நிக்குது. நியாயமா சொல்லணும்னா, அதுல டிஸ்னி ப்ளஸ், ஈஎஸ்பிஎன் எல்லாம் சேர்ந்தே வருது. இருந்தாலும் 90 டாலர், 90 டாலர்தானே?

83-ஐ 12-ஆல பெருக்குங்க. கிட்டத்தட்ட 1000 டாலர். வரி தனி.

"கேபிளை வெட்டுங்க, காசை மிச்சம் பண்ணுங்க"ன்னு சொல்லிக்கிட்டு வந்தவங்கதான் இவங்க. மாமியார் தொல்லை தாங்கலைன்னு தனிக்குடித்தனம் போன மருமக, கொஞ்ச வருஷத்துல அவளே அச்சு அசலா மாமியார் ஆயிட்ட கதைதான்.

ஏன் ஏறுது? சுருக்கமா சொல்லிடறேன், இது கொஞ்சம் போர் அடிக்கிற பகுதி. காரணம் ரெண்டு. ஒன்னு, விளையாட்டு. அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல் 2021-ல போட்ட ஒளிபரப்பு ஒப்பந்தம் 11 வருஷத்துக்கு சுமார் 110 பில்லியன் டாலர். கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வோட புது ஒப்பந்தம், அதுவும் 11 வருஷம், சுமார் 76 பில்லியன். அந்தக் காசை சேனல்காரங்க சொந்தப் பாக்கெட்ல இருந்தா எடுப்பாங்க? நீங்க பந்து எந்த வடிவத்துல இருக்கும்னே தெரியாத ஆளா இருந்தாலும், உங்க பில்லுல அதுக்கு ஒரு பங்கு உண்டு.

ரெண்டாவதுதான் சுவாரஸ்யம். சிபிஎஸ், என்பிசி, ஏபிசி, ஃபாக்ஸ். இந்த நாலும் காத்துல இலவசமா வர்ற சேனல்கள். ஆனா 1992-ல வந்த கேபிள் சட்டம், உள்ளூர் ஸ்டேஷன்களுக்கு ஒரு சாய்ஸ் குடுத்துச்சு. ஒன்னு, கேபிள் கம்பெனிகிட்ட "என்னைக் கட்டாயம் காட்டியே ஆகணும்"னு கேட்கலாம், ஆனா காசு கிடைக்காது. இல்லைன்னா, "காசு குடுத்தாத்தான் காட்ட விடுவேன்"னு பேரம் பேசலாம். மூணு வருஷத்துக்கு ஒரு தடவை இதை முடிவு பண்ணணும். கூட்டம் வர்ற ஸ்டேஷன் எதைத் தேர்ந்தெடுக்கும்னு நான் சொல்லணுமா? ஸ்ட்ரீமிங் கம்பெனிகளுக்கு அந்தச் சட்டம் நேரடியா பொருந்தாட்டியும், பேரம் அதே தினுசுதான். காத்துல சும்மா வர்றதை ஒயர் வழியா வாங்கினா காசு!

"சரி, அந்தக் காத்துல வர்றதைப் பிடிச்சு நெட்ல அனுப்பிட்டா என்ன?" அப்படின்னு ஒருத்தருக்குத் தோணுச்சு. இந்தக் கதையை நான் வேகமா சொல்ல மாட்டேன், மன்னிச்சுக்கோங்க.

[திரையில்: ஒரு சர்க்யூட் போர்டு. வரிசை வரிசையா குட்டி உலோகத் துண்டுகள்.]

செட் கனோஜியா. பிறந்தது நம்ம போபால். அவர் ஆரம்பிச்ச கம்பெனி பேர் ஏரியோ, 2012-ல நியூயார்க்ல வந்துச்சு. மாசம் 8 டாலர்ல உள்ளூர் சேனல் எல்லாம் உங்க போன்ல. எப்படி? ப்ரூக்ளின்ல ஒரு கட்டடத்துல ஆன்டெனாக்களை அடுக்கி வெச்சாங்க. சும்மா இல்ல, ஒவ்வொன்னும் 10 சென்ட் காசு அளவு. அந்தக் காசை ஒரு தடவை கையில வெச்சுப் பாருங்க, கிட்டத்தட்ட கட்டை விரல் நகம் அளவுதான். அப்படி ஆயிரக்கணக்குல!

ஏன் இவ்ளோ குட்டி குட்டியா? ஒரே பெரிய ஆன்டெனா வெச்சு எல்லாருக்கும் அனுப்பினா அது "பொது ஒளிபரப்பு", காப்புரிமைச் சட்டம் பாயும். அதனால ஆளுக்கு ஒரு ஆன்டெனா. நீங்க பார்க்கிறப்போ அது உங்களுக்கு மட்டும் வேலை செய்யும், உங்களுக்குன்னு தனியா ஒரு காப்பி எடுக்கும். அதாவது, "உங்க மொட்டை மாடி ஆன்டெனாதான் சார் இது, எங்க கட்டடத்துல வாடகைக்கு இருக்கு, அவ்ளோதான்" அப்படிங்கிற லாஜிக். எனக்கு இதைக் கேட்டதும் எழுந்து நின்னு கைதட்டணும்னு தோணுச்சு. சட்டத்துல இருக்கிற ஒரு வார்த்தைக்காக ஒரு மெஷினையே டிசைன் பண்ணியிருக்காங்கய்யா!

கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. சட்டத்தைச் சுத்திக்கிட்டுப் போறதைத் தவிர இந்த டிசைனுக்கு வேற காரணமே இல்லையேங்கிற தொனியில தலைமை நீதிபதி ராபர்ட்ஸே கேட்டார். 2014 ஜூன்ல தீர்ப்பு, 6-க்கு 3. ஏரியோ பண்றது கேபிள் கம்பெனி பண்ற மாதிரியேதான் இருக்கு, அதனால உரிமை வாங்காம அனுப்பக் கூடாது. முடிஞ்சுது கதை.

முடியல! இனிமேதான் காமெடி. "சரிங்கய்யா, நாங்க கேபிள் மாதிரின்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்போ கேபிளுக்குக் குடுக்கிற அதே லைசென்ஸை எங்களுக்கும் குடுங்க"ன்னு ஏரியோ போய் நின்னுச்சு. காப்புரிமை அலுவலகம் என்ன சொல்லிச்சு தெரியுமா? "நெட்ல அனுப்புறீங்களே, நீங்க கேபிள் இல்லையே!" மூடறதுக்கு கேபிள், குடுக்கிறதுக்கு கேபிள் இல்ல. அந்த நவம்பர்ல கம்பெனி திவால்.

[கேமரா ஜன்னலுக்குத் திரும்புது]

ஆனா அந்த மொத்த கேஸ்லயும் ஒரு விஷயத்தை யாருமே மறுக்கல. உங்க வீட்டுல, உங்க ஆன்டெனால, நீங்க பார்க்கிறதுக்கு யாருக்கும் ஒரு பைசா தர வேண்டாம். அதனாலதான் இந்த தோசை மேட்.

கடைக்குப் போனா "ஹெச்டி ஆன்டெனா", "4கே ஆன்டெனா"ன்னு டப்பால போட்டிருப்பான். ஏமாறாதீங்க. ஆன்டெனாங்கிறது வெறும் உலோகம். அலை ஹெச்டியா, 4கே-வான்னு அதுக்குத் தெரியவே தெரியாது. ஸ்டேஷன் டவர் பக்கத்துல இருந்தா, கேபிள் சொருகுற ஓட்டையில நீட்டின ஒரு பேப்பர் கிளிப்பை விட்டாலே ஏதாவது சேனல் மாட்டும். ட்ரை பண்ணிப் பாருங்க, நான் பண்ணினேன், ரெண்டு சேனல் வந்துச்சு. ஒன்னு ஷாப்பிங் சேனல், அது வேற விஷயம்.

முதல்ல எஃப்சிசி, அதாவது அமெரிக்க அரசோட தகவல் தொடர்பு ஆணையம், அதோட வெப்சைட்ல டிடிவி மேப்னு ஒன்னு இருக்கு, அதுல உங்க அட்ரஸைப் போடுங்க. எந்த டவர் எந்தத் திசையில இருக்கு, சிக்னல் பலமா, சோனியான்னு கலர் போட்டுக் காட்டும். அந்தத் திசை ஜன்னல்ல ஒட்டுங்க. நான் முதல்ல ஒட்டின ஜன்னல்ல 9 சேனல்தான் வந்துச்சு. தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நின்னேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அது வெயில் சூடு உள்ள வராம இருக்க மெல்லிசா உலோகப் பூச்சு பூசின கண்ணாடி. சூட்டைத் தடுக்கிற பூச்சு சிக்னலையும் தடுக்குது! நாலடி தள்ளி, மரச்சட்டத்துக்கு மேல சுவத்துல ஒட்டினேன், சரியாயிடுச்சு.

சின்ன வயசுல மொட்டை மாடியில சித்தப்பா கம்பியைத் திருப்ப, கீழ இருந்து நாம "வந்துருச்சு... போயிருச்சு... சித்தப்பா, அப்படியே பிடிச்சுக்கோங்க!"ன்னு கத்துவோமே, அந்தக் காலம் இல்ல இது. டிஜிட்டல்ல புள்ளி புள்ளியா மழை பெய்யாது. வந்தா பளிங்கு மாதிரி வரும், இல்லைன்னா கட்டம் கட்டமா உடைஞ்சு கறுப்பாயிடும். இன்னொரு சந்தோஷம்: ஸ்ட்ரீமிங்ல மேட்ச் அரை நிமிஷம், சில நேரம் அதுக்கும் மேல லேட்டா வரும். ஆன்டெனால அந்த லேட் இல்ல. பக்கத்து வீட்டுக்காரர் டச்டவுனுக்குக் கத்துறதுக்கு முன்னாடி நீங்க கத்தலாம். இதுக்காகவே 25 டாலர் தகும்னு சொல்லுவேன்.

"அபார்ட்மென்ட்ல ஆன்டெனா வைக்க விட மாட்டாங்களே?" 1996-ல இருந்து எஃப்சிசி விதி ஒன்னு இருக்கு. உங்களுக்குன்னு தனியா இருக்கிற பால்கனி, பேஷியோல டிவி ஆன்டெனா வைக்கிறதை வீட்டு ஓனரோ அசோசியேஷனோ பொதுவா தடுக்க முடியாது. எல்லாருக்கும் பொதுவான கூரை, வெளிச்சுவர் அதுல சேராது. சுவத்துல ஓட்டை போடவும் அது லைசென்ஸ் இல்ல.

குறையும் சொல்லிடறேன். ஆன்டெனால ஈஎஸ்பிஎன் வராது, சிஎன்என் வராது. ரெக்கார்டிங் வேணும்னா டாப்லோ மாதிரி ஒரு டப்பா தனியா வாங்கணும். ஆனா என்எஃப்எல் ஃபைனலான சூப்பர் பவுல் வரும், சிபிஎஸ், என்பிசி, ஏபிசி, ஃபாக்ஸ்னு மாறி மாறி. அமேசான்ல மட்டும் வர்ற வியாழக்கிழமை என்எஃப்எல் மேட்சும், விளையாடுற ரெண்டு டீமோட சொந்த ஊர்ல உள்ளூர் சேனல்ல வரும்.

அப்போ மீதி சேனலுக்கு? சீசன் பார்த்து வாங்குங்க. என்எஃப்எல் செப்டம்பர்ல ஆரம்பிச்சு பிப்ரவரில முடியுது. ஆறு மாசம் கட்டினா 498 டாலர், 12 மாசம் கட்டினா 996. மார்ச்ல எதுக்குக் கட்டுறீங்க? யூடியூப் டிவில கேன்சல்கூட பண்ண வேண்டாம், ஆறு மாசம் வரைக்கும் தற்காலிகமா நிறுத்தி வைக்கலாம். ஒரே ஒரு மேட்ச்தான் வேணும்னா, ஸ்லிங் 2025 ஆகஸ்ட்ல ஒரு நாள் பாஸ் கொண்டு வந்துச்சு, 4.99 டாலர். விளையாட்டே வேண்டாங்கிற வீட்டுக்கு ஃபைலோ 33 டாலர். ப்ளூட்டோ, டுபி இலவசம், விளம்பரம் மட்டும் தாங்கணும்.

கிரிக்கெட்தான் வேணும்னா வில்லோ தனியாவே கிடைக்குது, அதுக்காக 83 டாலர் பேக்கைக் கட்டிக்கிட்டு அழாதீங்க.

சேனல்காரங்களுக்கும் ஸ்ட்ரீமிங் கம்பெனிக்கும் பேரத்துல சண்டை வந்தா மட்டும் கண்ணைத் திறந்து வெச்சுக்கோங்க. 2025 அக்டோபர் 30-ல இருந்து நவம்பர் 14 வரைக்கும் யூடியூப் டிவில ஏபிசி, ஈஎஸ்பிஎன் உட்பட டிஸ்னி சேனல் எதுவுமே இல்ல. ரெண்டு திங்கக்கிழமை என்எஃப்எல் மேட்ச் போச்சு. 20 டாலர் கிரெடிட் குடுத்தாங்க, ஆனா அது தானா வந்து விழல. செட்டிங்ஸ்ல போய் நாமதான் அமுக்கி வாங்கணும். வாங்காதவங்க எத்தனை பேர்னு யோசிச்சாலே எனக்கு வயிறு எரியுது.

கடைசியா ஒன்னு, இது நம்ம வீடுகளுக்கே உரிய வியாதி. அம்மா அப்பா ஆறு மாசம் வந்து இருக்கிறப்போ, சீரியலுக்காக ஒரு தமிழ் பேக் போடுவோம். அவங்க ஏர்போர்ட்ல கையாட்டிட்டுப் போயிடுவாங்க. பேக் போகாது. என் வீட்டுல நாலு மாசம் யாருமே பார்க்காத சீரியலுக்குக் காசு போய்க்கிட்டு இருந்துச்சு, கார்டு பில்லுல மனைவி கண்டுபிடிச்சா. அந்தச் சாயங்காலத்தைப் பத்தி நான் பேச விரும்பல. ரிட்டர்ன் டிக்கெட் போடுற அன்னைக்கே அந்தத் தேதில போன்ல ஒரு ரிமைண்டர் வெச்சுடுங்க.

[டிவியில: ஸ்கேன் 100%]

ஆங், முடிஞ்சுடுச்சு. 43 சேனல். இதுல ஷாப்பிங் 6, சாமியார்ங்க 5, ராத்திரி பகலா குதிரைல வந்து சுட்டுக்கிட்டே இருக்கிற கௌபாய் சேனல் 2. நான் கேட்ட நாலும் இருக்கு. உங்க வீட்டுல எத்தனை வந்துச்சு? அட்ரஸ் எல்லாம் வேண்டாம், ஊர் பேரும் நம்பரும் மட்டும் கமென்ட்ல போடுங்க. பேப்பர் கிளிப்ல மூணுக்கு மேல பிடிச்சவங்க கமென்ட்டை நான் பின் பண்ணுறேன்.