பத்து சதவீதம் என்றால் எதில் பத்து?

நேயர்களுக்கு வணக்கம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எரிசக்திச் சட்டம் செய்தியில் வந்தாலே கூடவே ஒரு சதவீதமும் வரும். 2010க்குள் 12, 2020க்குள் 20, 2030க்குள் 42.5. சூரிய ஒளி, காற்று, நீர், உயிர்ப்பொருள் ஆகியவற்றிலிருந்து எடுக்கும் எரிசக்தியின் பங்கு அந்த ஆண்டுக்குள் அவ்வளவாக இருக்க வேண்டும் என்பது பொருள். இதைச் சொல்லிவிட்டு செய்தி வாசிப்பவர் அடுத்த செய்திக்குப் போய்விடுவார். சட்டத்தின் பின்பக்கத்து இணைப்புகளை யாரும் வாசிப்பதில்லை. எந்த எரிபொருளைக் கணக்கில் சேர்க்கலாம், எதை எதால் வகுக்க வேண்டும், எட்டாவிட்டால் யார் பதில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. உண்மையான சண்டையும் அங்கேதான் நடந்தது. குறிப்பாக உயிரி எரிபொருள், அதாவது பயிரிலிருந்தும் கழிவிலிருந்தும் எடுக்கும் எரிபொருள் விஷயத்தில்.

முதல் இலக்கு 1997இல் ஒரு கொள்கை அறிக்கையாகத்தான் வந்தது. சட்டமாக வந்தவை இரண்டு. 2001இல் மின்சாரத்துக்கு ஒன்று, 2003இல் போக்குவரத்து எரிபொருளுக்கு ஒன்று. இந்தச் சட்ட வகைக்கு டைரக்டிவ் என்று பெயர். ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸ் முடிவைச் சொல்லும், அதை எட்டும் வழியை ஒவ்வொரு நாடும் தன் சொந்தச் சட்டத்தில் எழுதிக்கொள்ளும். 2003 டைரக்டிவ், 2005 முடிவில் பெட்ரோல், டீசலில் 2 சதவீதமும் 2010 முடிவில் 5.75 சதவீதமும் உயிரி எரிபொருளாக இருக்க வேண்டும் என்றது. ஆனால் அவை வழிகாட்டும் இலக்குகள், கட்டாயம் இல்லை. 2005 முடிவில் ஏறத்தாழ 1 சதவீதம்தான் வந்தது. கட்டாயம் இல்லாத இலக்குக்கு அதுவே அதிகம் என்று எனக்குத் தோன்றும்.

உயிரி எரிபொருளில் ஐரோப்பாவுக்கு ஏன் இவ்வளவு ஆர்வம்? சுற்றுச்சூழல் அக்கறை என்று மட்டும் நினைத்தால் கதையின் பாதி போய்விடும். ஐரோப்பாவில் தானியம் மலையாகக் குவிந்து கிடந்த காலம் ஒன்று இருந்தது. அதைக் குறைக்க 1992இல் ஒன்றியத்தின் அன்றைய வேளாண் ஆணையர் ரே மக்ஷாரி ஒரு சீர்திருத்தம் கொண்டுவந்தார். மானியம் வேண்டுமானால் விவசாயி தன் நிலத்தில் ஒரு பகுதியைப் பயிரிடாமல் தரிசாக விட வேண்டும். ஆனால் அந்தத் தரிசில் உணவுக்கல்லாத பயிரை மட்டும் போடலாம் என்று ஒரு சலுகையும் இருந்தது. அப்படித்தான் கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப்சீட் அந்த நிலங்களுக்குள் எரிபொருள் பயிராக நுழைந்தது. மஞ்சள் பூ, எண்ணெய் விதை, பயோடீசல். ஐரோப்பியக் கார்களில் பெரும்பகுதி அப்போது டீசலுக்கு மாறிக்கொண்டிருந்ததும் வசதியாகப் போயிற்று. விவசாயிக்கு வருமானம், எண்ணெய் இறக்குமதியில் கொஞ்சம் குறைப்பு, அப்புறம்தான் காலநிலை. வரிசை அப்படித்தான் இருந்தது என்பது என் கணிப்பு.

2007 மார்ச்சில், ஒன்றியத்துக்கு ஜெர்மனி தலைமை வகித்தபோது, அன்றைய ஜெர்மன் அரசுத் தலைவர் அங்கேலா மெர்க்கெல் நடத்திய கூட்டத்தில் உறுப்பு நாடுகளின் தலைவர்கள் 2020க்கு மூன்று இருபதுகளை ஏற்றார்கள். பசுமைக்குடில் வாயு 20 சதவீதம் குறைய வேண்டும், புதுப்பிக்கத்தக்க எரிசக்தி 20 சதவீதம் ஆக வேண்டும், எரிசக்திச் சிக்கனம் 20 சதவீதம் வேண்டும். கூடவே ஒரு பத்தும் வந்தது. போக்குவரத்து எரிபொருளில் 10 சதவீதம் உயிரி எரிபொருள், அதுவும் இந்த முறை கட்டாயமாக. இயற்கைக்குக் கேடில்லாமல் உற்பத்தி செய்ய முடிந்தால், வைக்கோல், மரக்கழிவு போன்றவற்றிலிருந்து வரும் இரண்டாம் தலைமுறை எரிபொருள் சந்தைக்கு வந்தால் என்று நிபந்தனைகளும் அந்தத் தீர்மானத்திலேயே இருந்தன. நிபந்தனையை எல்லாரும் மறந்தார்கள். பத்து மட்டும் நின்றது.

பிறகு 2008 வந்தது. ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் ஜனவரியில் சட்ட வரைவை வெளியிட்டது. அடுத்த மாதமே அமெரிக்க ஆய்வாளர் திமத்தி சர்ச்சிங்கரும் அவர் குழுவினரும் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்களுடைய கேள்வி எளிமையானது. உணவுக்கு விளைந்த பயிரை எரிபொருளுக்குத் திருப்பினால், அந்த உணவு வேறெங்கோ விளைய வேண்டும் அல்லவா? அங்கே காடோ புல்வெளியோ அழிந்தால் அந்தக் கரியமில வாயு யார் கணக்கில்? அதே ஆண்டு உலகச் சந்தையில் அரிசி, கோதுமை, சோளம் எல்லாம் தாறுமாறாக விலை ஏறின. உணவு உரிமைக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ஜான் சீக்லர், உணவுப் பயிரை எரிபொருளாக்குவது மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று முந்தைய அக்டோபரிலேயே சொல்லியிருந்தார். ஜூலையில் பிரிட்டன் அரசு நியமித்த கலகர் குழு, வேகத்தைக் குறையுங்கள் என்றது.

ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் இந்தச் சட்டத்தைக் கையில் வைத்திருந்தவர் லக்ஸம்பர்க் பசுமைக் கட்சி உறுப்பினர் கிளாட் டுர்ம்ஸ். பத்தை எடுத்துவிடவே அவர் விரும்பினார், முடியவில்லை. விவசாய அமைப்புகள், எரிபொருள் ஆலைகள், ஏற்கெனவே முதலீடு செய்துவிட்ட நாடுகள் எல்லாரும் மறுபக்கம். டிசம்பரில் வந்த சமரசத்தில் எண் அப்படியே இருந்தது, அதன் பொருள்தான் மாறியது. உயிரி எரிபொருள் 10 சதவீதம் என்பது, போக்குவரத்தில் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி 10 சதவீதம் என்றாயிற்று. மின்சாரக் காரும் ரயிலும் அதற்குள் வந்துவிட்டன. இதுதான் 2009ஆம் ஆண்டின் 28ஆம் எண் டைரக்டிவ்.

சரி, அந்தப் பத்தை எப்படிக் கணக்கிட்டார்கள்? வகுக்கும் எண்ணில் சாலையிலும் ரயிலிலும் செலவாகும் எரிபொருள் மட்டும் வரும். கப்பலும் விமானமும் வராது. ஆனால் மேலே உள்ள எண்ணில் எல்லா வகைப் போக்குவரத்தின் பசுமை எரிபொருளும் வரும். கழிவிலிருந்து எடுத்த எரிபொருளுக்கு இரட்டைக் கணக்கு. ஒரு படி நெல்லை அளந்து போட்டு இரண்டு படி என்று எழுதிக்கொள்வது போல. மின்சாரக் காருக்குப் போகும் பசுமை மின்சாரத்தை முதலில் இரண்டரை மடங்கு என்றார்கள், 2015இல் ஐந்து மடங்கு, 2018இல் நான்கு மடங்கு. நோக்கம் தவறில்லை, நல்ல தொழில்நுட்பத்துக்கு ஊக்கம் கொடுப்பதுதான். ஆனால் பத்து எட்டிவிட்டோம் என்று ஒரு நாடு அறிவிக்கும்போது, வண்டிகளுக்குள் உண்மையில் போனது பத்து அல்ல.

மறைமுக நில மாற்றம் என்ற சிக்கலுக்கு வருவோம். 2009 டைரக்டிவ் நேரடி அழிப்பைத் தடுத்தது. 2008 ஜனவரியில் காடாக இருந்த நிலத்தில் விளைந்ததை இலக்குக் கணக்கில் சேர்க்க முடியாது. ஆனால் ஜெர்மனியின் பழைய வயலில் விளைந்த ரேப்சீட் எண்ணெய் டீசல் தொட்டிக்குள் போகிறது. அதுவரை அந்த எண்ணெயை வாங்கிய உணவு ஆலை பாமாயில் வாங்குகிறது. அந்தப் பாமாயிலுக்காக இந்தோனேசியாவின் சுமத்ராவிலோ காலிமந்தானிலோ காடு வெட்டப்படுகிறது. ஜெர்மன் விவசாயி எந்த விதியையும் மீறவில்லை. காடு மட்டும் இல்லை.

இதற்கு ஒரு தீர்வு காண ஆணையத்துக்கு 2012 அக்டோபர் வரை ஆனது. உணவுப் பயிர் எரிபொருளுக்கு 5 சதவீத உச்சவரம்பு வைக்கலாம் என்று வரைவு கொடுத்தது. நாடாளுமன்றம் 6 என்றது, உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் மன்றம் 7 என்றது. 2015இல் 7 சட்டமானது. ஆனால் அந்தச் சட்டத்தின் இணைப்பில் ஒரு சிறு அட்டவணை இருக்கிறது. மறைமுக நில மாற்றத்தால் வரும் உமிழ்வு, எரிசக்தியின் அலகான ஒரு மெகாஜூலுக்கு இத்தனை கிராம் என்று. தானியங்களுக்கு 12, சர்க்கரைப் பயிர்களுக்கு 13, எண்ணெய் வித்துகளுக்கு 55.

இந்த 55ஐக் கொஞ்சம் பாருங்கள். ரேப்சீட் பயோடீசலின் நேரடி உமிழ்வு, 2009 டைரக்டிவ் தந்த பொது மதிப்பின்படி, 52 கிராம். சாதாரண பெட்ரோல், டீசலுக்கு அதே சட்டம் வைத்த ஒப்பீட்டு எண் 83.8. அதாவது ரேப்சீட் பயோடீசலின் உமிழ்வு 38 சதவீதம் குறைவு என்று கணக்கு. 52உடன் 55ஐக் கூட்டினால் 107. பெட்ரோலிய டீசலைவிட மோசம்! இந்தக் கூட்டலை யாரும் மறைக்கவில்லை. இரண்டு எண்களுமே சட்டத்தில் அச்சாகியிருக்கின்றன. ஆனால் 55ஐ அறிக்கையில் எழுதினால் போதும், தகுதி பார்க்கும்போது கூட்ட வேண்டாம் என்று சட்டமே சொன்னது. எரிபொருள் ஆலைகளும் ரேப்சீட் விவசாயிகளும், இது கணினி மாதிரி தரும் மதிப்பு, அளந்து பார்த்த உண்மை அல்ல என்று வாதாடினார்கள். மதிப்பீடுகளுக்குள் பெரிய வேறுபாடு இருந்ததும் உண்மைதான். ஆனால் ஓர் எண்ணை நம்ப முடியாது என்றால் அதை எதற்குச் சட்டத்தில் அச்சிட வேண்டும்? நம்ப முடியும் என்றால் ஏன் கூட்டக் கூடாது? எனக்கு இன்றுவரை இதற்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

சட்டம் எழுதுபவர்கள் மறந்துவிடும் இன்னொரு ஆள், பெட்ரோல் பங்கில் நிற்பவர். 2011 தொடக்கத்தில் ஜெர்மனியில் 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை அறிமுகப்படுத்தினார்கள். இஞ்சின் கெட்டுவிடுமோ என்ற பயத்தில் மக்கள் அதைத் தொடவில்லை, விலை கூடிய பழைய பெட்ரோலையே கேட்டு வாங்கினார்கள். மார்ச்சில் பொருளாதார அமைச்சர் ஒரு பெட்ரோல் உச்சி மாநாடே கூட்ட வேண்டியதாயிற்று.

2018இல் வந்த புதிய டைரக்டிவும் அதைத் தொடர்ந்து வந்த 2019 விதியும் சிக்கலை வேறு பக்கத்திலிருந்து பிடித்தன. எந்தப் பயிரின் விரிவாக்கத்தில் 10 சதவீதத்துக்கு மேல் காடு, சதுப்பு போன்ற கார்பன் செறிந்த நிலத்தில் நடக்கிறதோ, அது அதிக ஆபத்துள்ள பயிர். ஆணையத்தின் அன்றைய கணக்கில் பாமாயில் தரும் செம்பனைக்கு 45 சதவீதம், சோயாவுக்கு 8. ஆக, பாமாயில் மட்டும் சிக்கியது. 2019 அளவைத் தாண்டக் கூடாது, 2023 முடிவிலிருந்து படிப்படியாகக் குறைத்து 2030க்குள் பூஜ்யம். இறக்குமதிக்குத் தடை இல்லை, இலக்குக் கணக்கில் சேராது, அவ்வளவுதான். ஆனால் கணக்கில் சேராத பயோடீசலை வாங்குவார் யார்?

மலேசியாவின் செம்பனைத் தோட்டங்கள் நம் நேயர்கள் பலருக்குக் குடும்பக் கதைகள் வழியாகத் தெரிந்தவை. ரப்பர் மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட தலைமுறையில் தமிழர்கள் நிறைய. அங்கே இந்த விதியைப் பாகுபாடாகத்தான் பார்த்தார்கள். இந்தோனேசியாவும் மலேசியாவும் உலக வர்த்தக அமைப்புக்குப் போயின. 2024 மார்ச்சில் மலேசிய வழக்கில் வந்த தீர்ப்பு, கொள்கை அளவில் ஐரோப்பாவுக்கு இடம் கொடுத்தது, தரவைத் திரட்டிய விதத்திலும் விதியை நடைமுறைப்படுத்திய விதத்திலும் குறை கண்டது. இரண்டு தரப்பும் வெற்றி என்று சொல்லிக்கொண்டன.

பாமாயில் வெளியே போனதும் இடத்தைப் பிடித்தது பொரித்த பழைய எண்ணெய். கழிவு என்பதால் இரட்டைக் கணக்கு. அதனால் பழைய எண்ணெயின் விலை புதிய பாமாயிலைத் தாண்டிய காலங்கள் உண்டு. அப்படியானால் புது எண்ணெயைப் பழசு என்று காட்ட யாருக்கும் ஆசை வரும்தானே? ஐரோப்பாவில் சேரும் பழைய எண்ணெய் போதாமல் ஆசியாவிலிருந்து, முக்கியமாகச் சீனாவிலிருந்து, கப்பல் கப்பலாக வந்தது. மோசடிச் சந்தேகங்களும் கூடவே வந்தன. இலக்குக் கணக்கில் இதற்கும் 1.7 சதவீதம் என்று ஒரு வரம்பு இருக்கிறது. சதவீதத்தைச் சரிசெய்ய இன்னொரு சதவீதம்.

கடைசியாக, யார் பொறுப்பு என்ற கேள்வி. 2009 டைரக்டிவ் இதில் தெளிவாக இருந்தது. மொத்தம் 20 என்பதை நாடுவாரியாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு நாட்டின் 2005 பங்கோடும் பொதுவாக 5.5 கூட்டி, மீதியைத் தனிநபர் வருமானத்தை வைத்துப் பகிர்ந்தார்கள். காடும் ஆறும் நிறைந்த ஸ்வீடனுக்கு 49, சின்னஞ்சிறு மால்டாவுக்கு 10. 2005இல் 1.3 சதவீதத்தில் நின்ற பிரிட்டனுக்கு 15. தீவுகள் விமானத்தை நம்பி வாழ்கின்றன என்பதற்காக மால்டாவுக்கும் சைப்ரஸுக்கும் விமான எரிபொருள் கணக்கில் தனிச் சலுகைகூட உண்டு. குறைவாக உற்பத்தி செய்யும் நாடு, மிகுதி உள்ள நாட்டிடமிருந்து காகிதத்தில் வாங்கிக்கொள்ளலாம். லக்ஸம்பர்க் அப்படி லிதுவேனியாவிடமும் எஸ்தோனியாவிடமும் வாங்கியது. மின்சாரம் நகரவில்லை, புள்ளிவிவரம் மட்டும் நகர்ந்தது. 2020இல் ஒன்றியம் 22.1 சதவீதத்தில் முடித்தது. கொரோனாவால் மொத்த நுகர்வு குறைந்ததும் அதற்கு உதவியது. இலக்கை எட்டாத ஒரே நாடு பிரான்ஸ், 23க்கு 19.1.

இவ்வளவு வேலை செய்த அந்த நாடுவாரிப் பங்கீட்டை 2014 அக்டோபரில் தலைவர்களே கைவிட்டார்கள். 2030க்கான இலக்கு ஒன்றியம் முழுமையையும் கட்டுப்படுத்தும், தனி நாட்டைக் கட்டுப்படுத்தாது என்று முடிவானது. அந்த ஏற்பாட்டின் மேல்தான் எண் ஏறிக்கொண்டே போனது. 27, பிறகு 32, யுக்ரேன் போர் தொடங்கிய பின் 2023 டைரக்டிவில் 42.5. போக்குவரத்தில் 29 சதவீதம், அல்லது எரிபொருளின் உமிழ்வுச் செறிவில், அதாவது ஓர் அலகு எரிசக்திக்கு வெளியாகும் பசுமைக்குடில் வாயுவில், 14.5 சதவீதக் குறைப்பு, நாடுகளே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். 2023இல் ஒன்றியம் இருந்த இடம் 24.5.

ஒவ்வொரு நாடும் தன் பங்கைத் திட்டமாக எழுதிக் கொடுக்க வேண்டும். கூட்டிப் பார்த்து குறைந்தால் ஆணையம் பரிந்துரை அனுப்பும். நீதிமன்றத்துக்குப் போக வேண்டுமானால், எண்ணை எட்டவில்லை என்று போக முடியாது, சட்டத்தை உள்நாட்டில் இயற்றவில்லை என்றுதான் போக முடியும். காற்றாலைக்கும் சூரிய மின் நிலையத்துக்கும் விரைவாக அனுமதி தரும் விதிகளை 2024 ஜூலை 1க்குள் எல்லா நாடுகளும் சட்டமாக்கியிருக்க வேண்டும். அந்தச் செப்டம்பரில் ஆணையம் 27 நாடுகளில் 26க்கு நோட்டீஸ் அனுப்பியது. நோட்டீஸ் வராத ஒரே நாடு டென்மார்க்.

வணக்கம்.