டெரி பிராட்செட்டும் ஐம்பது டாலர் பூட்ஸும்

(காட்சி: பெங்களூரு அல்சூர், வீட்டு வாசலில் ‘வாடகைக்கு’ பலகை)

வணக்கம். பெங்களூரில் வீடு தேடி அலைந்தவர்களுக்குப் பத்து மாத அட்வான்ஸ் பற்றிச் சொல்லவே வேண்டாம். கையில் பணம் இருப்பவர் கொடுத்துவிட்டுப் பால் காய்ச்சிவிடுவார். இல்லாதவர் வட்டிக்கு வாங்குவார். அதே வீடு, அதே வாடகைதான். ஆனால் இல்லாதவருக்கு மட்டும் வட்டியும் சேர்ந்து செலவு கூடிவிடுகிறது.

இந்த அநியாயத்தை ஒரு ஜோடி பூட்ஸை வைத்துப் புரியவைத்தவர் டெரி பிராட்செட். மந்திரவாதிகளும் டிராகன்களும் உலவும் நகைச்சுவை நாவல்களை எழுதிய ஆங்கிலேயர்.

(காட்சி: ஈரத் தெருவில் தேய்ந்த பூட்ஸ்)

1993-ல் வந்த ‘மென் அட் ஆர்ம்ஸ்’ நாவலில் சாம் வைம்ஸ் நகரக் காவல்படையின் கேப்டன். மாதச் சம்பளம் 38 டாலர். நல்ல தோல் பூட்ஸ் 50 டாலர். அவருக்குக் கட்டுப்படியாவது 10 டாலர் பூட்ஸ்தான். அது ஒன்றிரண்டு பருவம் தாங்கும், அப்புறம் தண்ணீர் உள்ளே வரும். 50 டாலர் கொடுத்தவனின் கால் பத்து வருஷம் கழித்தும் நனையாது. ஏழை அதற்குள் 100 டாலர் செலவழித்திருப்பான், கால் ஈரமாகவே இருக்கும். வைம்ஸின் பூட்ஸ் எவ்வளவு மெல்லிசு என்றால், காலில் படும் கற்களை வைத்தே இருட்டில் எந்தத் தெரு என்று சொல்லிவிடுவார்!

பொருளாதாரப் பாடம் எடுக்கிற தொனியே அதில் கிடையாது. ஆனாலும் 2022-ல் பிரிட்டனில் ஏழைகள் வாங்கும் பொருட்களின் விலையேற்றத்தை அளக்க ஒரு முயற்சி தொடங்கியபோது, அதற்கு வைம்ஸ் பூட்ஸின் பெயரைத்தான் வைத்தார்கள்.

(காட்சி: ஆமை, நான்கு யானைகள், தட்டையான உலகம்)

பிராட்செட் பிறந்தது 1948-ல், பீக்கன்ஸ்ஃபீல்ட் ஊரில். பதினேழு வயதில் உள்ளூர்ப் பத்திரிகையில் நிருபர். பிறகு மின்வாரியத்தில், அணுமின் நிலையங்களைப் பற்றிப் பத்திரிகைகளுக்குப் பதில் சொல்லும் வேலை. ‘மென் அட் ஆர்ம்ஸ்’ இடம்பெறும் ‘டிஸ்க்வேர்ல்ட்’ நாவல் வரிசை 1983-ல் தொடங்கியது. மொத்தம் 41 நாவல்கள். விண்வெளியில் நீந்தும் ஆமை, அதன் முதுகில் நான்கு யானைகள், அவற்றின் மேல் தட்டையான உலகம். பூமியைத் தாங்கும் திசை யானைகளின் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமாகவே தெரியாது.

அந்த உலகில் மரணம் ஒரு பாத்திரம். கறுப்பு அங்கி போட்ட எலும்புக்கூடு, மனிதர்களைப் புரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர், பூனைகள் என்றால் உயிர். கடைசி நேரத்தில் இப்படி ஒருவர் வந்து மரியாதையாகப் பேசினால் பயம் பாதி போய்விடும் என்று எனக்குத் தோன்றும்.

2007-ல் பிராட்செட்டுக்கு அரிதான ஒரு வகை அல்சைமர் இருப்பது தெரிந்தது. அவர் அதை மறைக்கவில்லை. அடுத்த வருஷமே ஆராய்ச்சிக்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்தார். டைப் அடிக்க முடியாமல் போனபோது வாயால் சொல்லிச் சொல்லி நாவல்களை முடித்தார். மருத்துவ உதவியோடு உயிர்விடும் உரிமைக்காக 2011-ல் ஒரு ஆவணப்படமும் செய்தார். 2015 மார்ச் 12-ல் தன் வீட்டில் காலமானார்.

(காட்சி: பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட், பழைய புத்தகக் கடை)

சரி, எதிலிருந்து தொடங்கலாம்? வரிசைப்படி போக வேண்டியதில்லை. வைம்ஸ் முதலில் வரும் ‘கார்ட்ஸ்! கார்ட்ஸ்!’ போதும். மரணத்தின் மேல் ஆர்வம் வந்துவிட்டது என்றால் ‘மோர்ட்’. சர்ச் ஸ்ட்ரீட் பக்கம் போனால் பழைய பிரதி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.