பேய்ப் படத்துக்குக் காது வேண்டும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பேய்ப் படத்துக்கு ரசிகர்கள் குறைவில்லை. ஓசூரில் கேட்கவே வேண்டாம், கன்னடப் பேய், தெலுங்குப் பேய் எல்லாம் வந்து இறங்கும். ஆனால் வீட்டில் படம் பார்த்தவர்கள் பலர் "பயமே வரல" என்கிறார்கள். பாதிக் குற்றம் படத்தின் மேல். மீதி ஸ்பீக்கர் மேல்.

திடுக்கிட வைக்கும் காட்சி எப்படி வேலை செய்கிறது? முதலில் பின்னணி இசை நிற்கும். மின்விசிறிச் சத்தம், மூச்சு மட்டும் இருக்கும். கதவு திறக்கும், பூனை ஓடும். அப்பாடா என்று தோள் தளர்ந்த இரண்டு விநாடிக்குள், நாம் பார்க்காத பக்கத்திலிருந்து நிஜமானது வரும். அமைதிக்கும் அலறலுக்கும் உள்ள இடைவெளிதான் மூலதனம். பேய் வருமுன்பே வயலின் கீச்சிட்டால் அந்த மூலதனம் போச்சு. சமீபத்திய படங்களில் பெரும்பாலானவை இங்கேதான் சறுக்குகின்றன.

அடிவயிற்றில் உணரும் அந்த உறுமல் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும். 5.1 ஒலி என்றால் ஐந்து ஸ்பீக்கருக்கு ஐந்து தடம்; அந்தப் புள்ளி ஒன்று இந்த உறுமலுக்கான தனித்தடம், சப்வூஃபர் என்கிற அடித்தொனி ஸ்பீக்கருக்குப் போவது. டிவி அதை இரண்டு ஸ்பீக்கருக்குச் சுருக்கும்போது இந்தத் தடத்தைப் பெரும்பாலும் கழற்றிவிடும். போன் ஸ்பீக்கருக்கோ அந்த ஒலியை எழுப்பும் உடம்பே கிடையாது. சாதாரண ஹெட்போன் மாட்டினாலே எவ்வளவோ தேவலை. டிவி மெனுவில் 'நைட் மோட்', 'ஆட்டோ வால்யூம்' இருந்தால் அணைத்துவிடுங்கள். அவை மெல்லிய ஒலியை ஏற்றி, பெரிய ஒலியை இறக்கிச் சமமாக்குகின்றன. சமமானால் பயம் எங்கிருந்து வரும்? அசைவை வழுவழுப்பாக்க டிவியே இடையில் பிரேம்களைச் சேர்க்கும் 'மோஷன் ஸ்மூத்திங்'கும் வேண்டாம். விநாடிக்கு 24 பிரேமில் எடுத்த படம் மெகா சீரியல் மாதிரி ஆகிவிடும். நெட் வேகம் குறைந்தால் இருட்டுக் காட்சி கட்டம் கட்டமாக உடையும். டியூப்லைட் எரிந்தால் திரையில் உங்கள் வீட்டு பீரோதான் தெரியும்.

இனி படங்கள். 2009இல் வந்த 'யாவரும் நலம்' இன்னும் நிற்கிறது. லிப்ட், டிவி சீரியல், போன் கேமரா, இவற்றை வைத்தே பயமுறுத்தியது. 2024இல் வந்த மலையாள 'பிரம்மயுகம்' முழுக்கக் கறுப்பு வெள்ளை. ஒரு பாழ்மனை, விரல்விட்டு எண்ணும் பாத்திரங்கள், மழை. அங்கே நிழலே வேலையை முடித்துவிடுகிறது. அதன் இயக்குநர் ராகுல் சதாசிவன் எடுத்து 2022இல் வந்த 'பூதகாலம்' எனக்கு இன்னும் பிடிக்கும்: அம்மாவும் மகனும் ஒரு வீட்டில், பேய் இருக்கிறதா மனநோயா என்றே நெடுநேரம் தெரியாது.

சிரிப்புப் பேய்? 2011இன் 'காஞ்சனா'வுக்குப் பிறகு அதே வாய்ப்பாடு: முன்பாதி கலாட்டா, பின்பாதி பிளாஷ்பேக், கடைசியில் பழிவாங்கல். சிரிப்பு தப்பில்லை. நம்ம ஊர்த் தெருக்கூத்தில் கட்டியக்காரன் இல்லாமல் ராத்திரி நகருமா? ஆனால் எப்போது ஒதுங்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். இங்கே நகைச்சுவை நடிகர் பேயின் தலைமாட்டிலும் ஜோக் அடிக்கிறார்.

தியேட்டருக்குப் போனால் திரையிலிருந்து அரங்க நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடு சீட்டு வாங்குங்கள். சுவரோரம் உட்கார்ந்தால் பக்கத்து ஸ்பீக்கரே காதை அடைக்கும். திரையில் நடக்கிற கிசுகிசுப்பு கேட்காது.